ராஜாவின் இடது தோள்

ஆள் தையல் கடைப் படியில் கால் வைக்கும்போதே அளவக்கா தோளைப் பார்த்து முடித்துவிடுவாள். முகத்தைப் பார்ப்பது பிறகுதான், அதுவும் அவசியப்பட்டால். வாயில் நாலைந்து குண்டூசிகளைக் கடித்திருப்பதால் வந்தவரோடு பேசுவது புருவத்தால்தான். "திரும்புங்க" என்பதற்கு ஒரு புருவம், "கையத் தூக்குங்க" என்பதற்கு இரண்டு. மார்பளவு எடுக்கும்போது மட்டும் ஊசிகளை எடுத்து, மணிக்கட்டில் கட்டியிருக்கும் பஞ்சுத் திண்டில் குத்திவிட்டு வாயைத் திறப்பாள்.

"மூச்ச அடக்காதீங்க. எங்கிட்ட பொய் சொல்லலாம், துணிகிட்ட சொல்ல முடியாது."

முப்பத்தோரு வருஷமாக இதே பேச்சுதான். கேட்டவர்கள் எல்லாரும் அடக்கியிருந்த மூச்சை விட்டு, வயிறு தளர்ந்து, கொஞ்சம் வெட்கப்படுவார்கள். அந்த வெட்கம் தீர்வதற்குள் அவள் இடுப்பளவையும் எடுத்திருப்பாள்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பமாட்டாள். அவளும் மற்றவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மாவு மில்காரரின் இரண்டாவது மகளைக் கட்டியவர் ஊருக்கு வந்திருக்கிறார் என்று யாராவது சொன்னால், "யாரு, வலது கை அரை இன்ச் நீளமே, அவரா?" என்பாள். அவரேதான். ஒருமுறை சாவு வீட்டுக்குப் போனவள், இறந்தவரின் படத்தைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவளிடம், "இந்தக் கோட்டு அவரோடது இல்ல. இரவல்" என்று முணுமுணுத்துவிட்டாள். விதவை அழுகையை நிறுத்திவிட்டு, "அவரு தம்பியோடது அக்கா, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். அன்றைக்கு அந்த வீட்டில் அதுதான் பேச்சு.

அவளிடம் ஒரு தடித்த நோட்டு இருக்கிறது. வீட்டுக்கு ஒரு பக்கம். மேலே தாத்தாவின் அளவு, கீழே பிள்ளைகள், அதற்கும் கீழே பேரப்பிள்ளைகள். பால்காரர் வீட்டுப் பெண்களுக்கு மூன்று தலைமுறையாகக் கழுத்து குட்டை. அந்த வீட்டுக்குத் தூரத்து ஊரிலிருந்து ஒரு மருமகள் வந்தாள், அடுத்த வரிசையில் கழுத்து ஒரு இன்ச் நீண்டது. "அந்தப் பொண்ணு வந்தப்புறம்தான் அந்த வீட்டுக்குக் காலரே வந்துது" என்பாள் அளவக்கா. கல்யாணம் பேசி வைக்கிறவர்கள்கூட ஒரு சந்தேகம் என்றால் இந்த நோட்டைப் பார்க்கத்தான் வருவார்கள். காட்டமாட்டாள்.

அந்த நோட்டில் அவள் இல்லை. தன் அளவைத் தானே எடுக்க முடியாது, குனிந்தால் அளவு மாறிவிடும். அவள் போடுவதெல்லாம் ஒரு பக்கம் தொளதொளவென்று, ஒரு பக்கம் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. தைத்த துணி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்பதுதான் அவள் பெருமை. "சொல்லட்டும், ஒரே ஒருத்தர் வந்து சொல்லட்டும்" என்று கத்தரிக்கோலை மேசையில் தட்டுவாள். யாரும் வந்து சொன்னதில்லை.

கால் மிஷின் அவள் அப்பா வாங்கிக் கொடுத்தது. சந்தைக் கிடங்கில் மூட்டை தூக்கியவர் அவர். மிஷின் விற்ற கடையில் வண்டி வைத்து அனுப்புகிறோம் என்றார்களாம். "இதென்ன, நெல்லு மூட்டையவிட கனமா?" என்று தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தே வந்துவிட்டார். அவர் போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. மிஷின் இன்னும் ஓடுகிறது.

அவள் கணவர் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர். எந்தப் பேருந்து எந்த நடைமேடையில் என்று நாள் முழுக்க ஒலிபெருக்கியில் சொல்லிச் சொல்லி, வீட்டிலும் அந்தக் குரல்தான் வருகிறது. "அனைவரின் கவனத்திற்கு, தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது" என்பார். அவளுக்குச் சிரிப்பு வந்தது கல்யாணமான முதல் மாதத்தோடு சரி.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தவளைத்தான் ஊர் விழா வந்து குழப்பிவிட்டது.

பதினொரு வருஷத்துக்கு முன்பு தண்ணீர்த் தொட்டிக்கு அஸ்திவாரம் தோண்டியபோது ஒரு குழியில் எலும்புகள் கிடைத்தன. கூடவே உடைந்த பானை மூன்று, ஒரு செம்பு வளையம், ஒரு கல்மணி. படித்தவர்கள் வந்தார்கள், மூன்று வாரம் தங்கினார்கள், மூவாயிரம் வருஷம் இருக்கும், முன்னே பின்னே முந்நூறு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எலும்பைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, 'ஒரு மனிதர்' என்று பலகை எழுதினார்கள். முதல் வருஷம் ஊரார் அவரைப் 'பெரியவர்' என்றார்கள். அப்புறம் 'தலைவர்' ஆனார். இந்த வருஷம் பழம்பெருமை விழா எடுப்பது என்று முடிவானதும் 'மன்னர்' ஆகிவிட்டார். நகராட்சிக் கட்டடத்தில் இருக்கிற யாருக்கும் இவ்வளவு வேகமாகப் பதவி உயர்வு கிடைத்ததில்லை.

விழாக் குழுவின் தலைவர் மருந்துக்கடைக்காரர். விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அவர் அளவக்காவின் கடைக்கு வந்தார். அளவக்கா தோளைப் பார்த்தாள். நேர்த்தோள். கோடு போட்டதுபோல் இருந்தது.

"ராஜாவுக்கு ஒரு அங்கி வேணும்."

அவள் ஊசிகளைத் திண்டில் குத்தினாள். "எந்த ராஜா?"

"நம்ம ராஜா. கண்ணாடிப் பெட்டியில இருக்கறவரு."

"இத்தனை நாள் இல்லாம இப்ப எதுக்கு அவருக்கு அங்கி?"

"அவருக்கு இல்லம்மா. ஊர்வலத்துல அவரா நான் வர்றேன்."

"அப்படிச் சொல்லுங்க. திரும்புங்க, உங்க அளவு எடுக்கறேன்."

"என் அளவு இல்ல, அவரு அளவு." ஒரு நோட்டீசை நீட்டினார். "பாருங்க, அச்சாயிடுச்சு. 'மன்னரின் மெய்யளவில் தைத்த அங்கியில் மாபெரும் ஊர்வலம்.'"

அளவக்கா எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தாள். "போடறது?"

"நான்."

"அளவு?"

"அவரோடது."

"அவரு அளவுல தைச்சா உங்களுக்கு எப்படிச் சரியா வரும்?"

"வரும்மா. அந்தக் குழி இருந்த நிலம் எங்க தாத்தாவோடது. தொட்டிக்கு எழுதிக் கொடுத்ததே நாங்கதான். அந்த ரத்தம்தானே இதுவும்?" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

அந்த நிலத்தின் கதை அளவக்காவுக்குத் தெரியும். தாத்தா அதை வாங்கியது ஒரு லாரிக்காரரிடம். லாரிக்காரருக்கு அது மாமனார் கொடுத்தது. அந்த மாமனார் எங்கிருந்தோ பிழைக்க வந்தவர், அவருடைய பெரியப்பா வழிகூட யாருக்கும் தெரியாது. இதில் ரத்தம் எந்த வழியாக ஓடிவந்து மருந்துக்கடையில் சேர்ந்தது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் அளவு எடுத்துத் தை என்கிறபோது மாட்டேன் என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

நகராட்சி அலுவலகத்துக்குப் பின்னால், முன்பு காகிதக் கட்டுகள் அடுக்கியிருந்த இரண்டு அறைகள்தான் காட்சியகம். காவலாளி அவளுடைய சின்னச் சித்தியின் மகன், இரண்டு அக்காவுக்குப் பிறகு பிறந்தவன், சிறுவயதிலிருந்தே எதற்கும் ஒரு தயக்கம். 'தொடக் கூடாது' என்ற பலகைக்கு முன்னால் சாவியோடு நின்றான்.

"தொடலாமான்னு தெரியலக்கா. கூடாதுன்னு பலகை இருக்கு. தொறந்து காட்டுன்னு மருந்துக்கடைக்காரர் சொல்லிட்டாரு. பலகை வெச்சதும் அவருதான்."

"அப்ப என்ன பண்ணப்போற?"

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பலகையைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தான். பெட்டியைத் திறந்தான்.

அளவக்கா குனிந்தாள். எலும்பை அளக்கலாம், சதையை எப்படி அளப்பது? "ஆளு தடியா, ஒல்லியா?" என்று கேட்டாள்.

"இப்ப ஒல்லிதான்" என்றான் தம்பி.

அவள் முறைத்துவிட்டு, ஊசிகளை வாயில் கடித்துக்கொண்டு நாடாவை நீட்டினாள். உயரம், கை நீளம், முதுகு அகலம். மார்புக்கூட்டைச் சுற்றி நாடாவைக் கொண்டு வந்தபோது, வாயிலிருந்த ஊசிகளை எடுத்தாள். "மூச்ச அடக்காதீங்க" என்று சொல்லிவிட்டாள். முப்பத்தோரு வருஷப் பழக்கம். தம்பி சிரிக்கவில்லை, ஒரு அடி தள்ளி நின்றுகொண்டான்.

தோளுக்கு வந்தபோது அவள் கை நின்றது. மறுபடி அளந்தாள். வலது பக்கத்தைவிட இடது தோளின் எலும்பு தடித்து, வளைந்து, இரண்டு விரல் கீழே கிடந்தது.

"யாராவது எடுத்து மாத்தி வெச்சீங்களா?"

"ஐயோ அக்கா, கம்பி போட்டு முடுக்கி வெச்சிருக்காங்க. குழியில எப்படிக் கெடந்தாரோ அப்படியே."

அளவக்கா நோட்டில் எழுதினாள். பக்கத்தின் மேலே வீட்டுப் பெயர் எழுத வேண்டிய இடத்தில் என்ன போடுவது என்று தெரியாமல் வெறுமையாக விட்டாள். வெளியே வந்து பத்து அடி நடந்ததும் திரும்பிப் பார்த்தாள். இந்தத் தோளை அவளுக்குத் தெரியும். எங்கேயோ பார்த்திருக்கிறாள், ஒரு முறை இரண்டு முறை இல்லை, பல வருஷம். ஆனால் யாருடையது?

அதன்பிறகு நாலு நாள் அவள் அவளாக இல்லை. நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். முடி வெட்டுகிறவர் வீட்டில் வலது தோள் இறக்கம். பள்ளிக்கூடத்து எழுத்தர் வீட்டில் இடது, ஆனால் அரை விரல்தான். முந்நூற்றுச் சொச்சம் பக்கமும் புரட்டியாகிவிட்டது. இரண்டு விரல் இறங்கிய இடது தோள் ஒன்றுகூட இல்லை. ஒரு தோளை மறந்தேன் என்று அவள் வாழ்க்கையில் சொன்னதில்லை. பால்காரர் பேத்தியின் கவுனுக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

கணவர் தேநீர்க் கோப்பையோடு எதிரே உட்கார்ந்தார். "என்ன தேடற?"

"அந்த எலும்புக்காரர."

"நோட்டுலயா?"

"எங்கயோ பாத்த தோளுங்க. நான் தைச்சிருக்கணும்."

"ஏம்மா, மூவாயிரம் வருஷத்துக்கு முன்னாடி செத்தவரு. உன் கடை தொறக்கற வரைக்கும் காத்திருந்திருக்க மாட்டாரு."

"உங்களுக்கு எல்லாம் கிண்டல்."

"கிண்டல் இல்ல. நேரக் கணக்கு. அதுதானே என் வேலை."

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுப் பேருந்து நிலையத்தில் போய் உட்கார்ந்தாள். இறங்குகிறவர், ஏறுகிறவர், ஓடுகிறவர் என்று எல்லாருடைய தோளையும் பார்த்தாள். கணவர் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டே கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவளையே பார்த்தார். பதினோரு மணிவாக்கில் கேஸ்காரர் வந்தார். கடைக்கும் வீட்டுக்கும் சிலிண்டர் போடுகிறவர். ஒன்றைத் தேநீர்க் கடைக்குள் இறக்கிவிட்டு நிமிர்ந்தார். இடது தோள் இறங்கியே இருந்தது. அளவக்கா நாடாவோடு எழுந்து ஓடினாள்.

"அண்ணே, கொஞ்சம் நில்லுங்க. அசையாதீங்க."

"என்னக்கா, நான் துணியே குடுக்கலையே?"

"நீங்க எங்கிட்டத் தைக்கறதே இல்ல. நில்லுங்க." அளந்தாள். ஒன்றரை விரல். "இது பொறந்ததுல இருந்தே இப்படியா?"

அவர் சிரித்தார். "பொறந்தப்ப சிலிண்டரோட பொறக்கலையே. பத்தொம்போது வருஷமா இந்தப் பக்கம் சுமக்கறேன். சுமந்தா எறங்காம? எங்க ஆளுங்க எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சுப் பாருங்க, மழையில சாஞ்ச வேலி மாதிரி இருப்போம்." சொல்லிவிட்டு, கம்பெனி கொடுத்த நேர்வெட்டுச் சட்டையை, இடது பக்கமாகச் சரிந்திருந்ததை, காலரைப் பிடித்து வலது பக்கம் வெடுக்கென்று இழுத்துவிட்டுக்கொண்டு அடுத்த சிலிண்டருக்குப் போனார்.

அந்த இழுப்பும் அவள் பார்த்ததுதான். எங்கே என்றுதான் வரவில்லை. நாக்கு நுனியில் நிற்கும் பெயர்போல மண்டைக்குள் நின்றுகொண்டு இறங்க மறுத்தது. ஆனால் ஒன்று தெளிந்தது. நேராக மருந்துக்கடைக்குப் போனாள். கடையில் இருமல் மருந்து வாங்க வந்த ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு நின்றாள். குழுவில் இருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து நோட்டீசில் பிழை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு ராஜா இல்லீங்க" என்றாள் அளவக்கா. "சுமந்தவரு. இடது தோள் ரெண்டு விரல் எறங்கியிருக்கு."

மருந்துக்கடைக்காரர் கையிலிருந்த மாத்திரை அட்டையைக் கீழே வைத்தார். "ராஜா எதுக்குச் சுமக்கணும்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

"வாத்தியாரே, நீங்க சொல்லுங்க."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். "சுமந்தாருன்னா ராஜா இல்லன்னு ஆயிடுமா? ஊரே பத்து வீடா இருந்தா ராஜாவும்தான் தண்ணி எடுத்திருப்பாரு. ராஜான்னும் சொல்ல முடியாது. இல்லன்னும் சொல்ல முடியாது."

"அப்ப என்னன்னு சொல்றது?"

"ஒரு மனிதர்னு சொல்லலாம். பலகையில அப்படித்தான் இருக்கு."

இருமல் மருந்துக்காரப் பெண் குறுக்கே வந்தாள். "அண்ணே, ஆம்பளைன்னு மட்டும் எப்படிச் சொல்றீங்க? மூணு பிள்ளைய இந்தப் பக்கம் தூக்கி எனக்கும் எறங்கிடுச்சு. அக்கா, அளந்து பாருங்க."

அளவக்கா அளந்தாள். அரை விரல். வாத்தியார் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். குழந்தை இருமியது.

மருந்துக்கடைக்காரருக்கு வியர்த்தது. பாவம், அவரும் கெட்ட மனிதர் இல்லை. ஊரில் யார் எந்த நேரத்தில் கதவைத் தட்டினாலும் மருந்து எடுத்துக் கொடுக்கிறவர். ஒரு நாள் ராஜாவாக நடக்க வேண்டும் என்பது அவருக்கு ஆசை. "விழாவுக்கு ஒரு வாரம் இருக்கு. நோட்டீசு ஒட்டியாச்சு. ராஜா இல்லாம என்னம்மா ஊர்வலம்?" என்றார். "ஒண்ணு பண்ணுங்க. நேரா வெட்டிடுங்க. தோள் ரெண்டும் சமமா. கேட்டா மெய்யளவுன்னு சொல்லிடலாம். எலும்ப யாரு போய் அளக்கப்போறாங்க?"

"நான் அளந்துட்டேனே."

"நீங்க சொல்லமாட்டீங்க இல்ல?"

அவள் நாடாவைச் சுருட்டிக்கொண்டு படி இறங்கினாள். வீட்டுக்கு வந்து அடர் சிவப்புத் துணியை வெட்டு மேசையில் விரித்தாள். சுருக்கத்தை நீவினாள். சுண்ணக்கட்டியைக் கையில் எடுத்தாள்.

விஷயம் இப்படி நின்றது. நேராக வெட்டினால் அங்கி மருந்துக்கடைக்காரரின் நேர்த்தோளில் ஒட்டினாற்போல் உட்காரும், ஊரே மெச்சும், ஆனால் நோட்டீசில் இருப்பது பொய், அந்தப் பொய்யைத் தைத்தவள் அவள். எலும்பின்படி வெட்டினால் அளவு மெய், ஆனால் அவர் மேல் அது கோணிக்கொண்டு நிற்கும், பார்க்கிற ஆயிரம் பேரும் அளவக்காவுக்கு வெட்டத் தெரியவில்லை என்பார்கள். ஒரு துணியும் திரும்பி வராத கடைக்கு முதல் துணி திரும்பி வரும். அதுவும் ராஜாவுடையது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ, சுண்ணக்கட்டி விரல் வெப்பத்தில் பிசுபிசுத்தது. துணியில் தோள்பட்டைக்கு நேராக ஒரு கோடு இழுக்கப்போனாள். பாடப் புத்தகத்தில் சொல்லியிருக்கிறபடி கழுத்திலிருந்து இரண்டு பக்கமும் ஒரே சரிவு. அந்தக் கோட்டை அவள் முதல்முதலில் இழுத்தது இதே மேசையில், பதினேழு வயதில், ஒரு நீலத் துணியில்.

அப்பாவுக்கு.

மிஷின் வந்த வாரம் அது. தையல் வகுப்பில் கொடுத்த புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, 'நடுத்தர அளவு ஆண்' என்று போட்டிருந்ததைப் பார்த்து அப்படியே வெட்டினாள். அப்பாவை நிற்க வைத்து அளக்கவே இல்லை. வீட்டு மனிதரை யார் அளப்பார்கள்? போட்டுக்கொண்டு வந்து நின்றார். "எப்படிப்பா இருக்கு?" "நல்லாத்தாம்மா இருக்கு." சொல்லிக்கொண்டே இடது பக்கம் வழிந்த சட்டையைக் காலரைப் பிடித்து வலது பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டார். சாப்பிடும்போது இழுத்தார், பேசும்போது இழுத்தார். அப்பாவுக்கு அப்படி ஒரு பழக்கம் என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள். அவளுடைய தங்கை அதுபோலவே செய்து காட்டிச் சிரிக்க வைப்பாள். வருஷத்துக்கு ஒரு சட்டை தைத்தாள், எல்லாம் புத்தக அளவு. ஒன்றைக்கூட அவர் திருப்பிக் கொடுத்ததில்லை.

நோட்டை எவ்வளவு புரட்டினாலும் அந்தத் தோள் ஏன் அகப்படவில்லை என்று இப்போது தெரிந்தது. அவளே எழுதாததை எங்கே போய்த் தேடுவாள்?

அதற்காகப் பெட்டியில் இருப்பவர் யார் என்பது தெளிந்துவிட்டதா என்றால், இல்லை. குழப்பம் கூடத்தான் செய்தது. ராஜாவா, தண்ணீர் சுமந்தவரா, பிள்ளை சுமந்தவளா, யாருடைய தாத்தா, யாருடைய பாட்டி, அப்பாவுக்கும் அவருக்கும் என்ன உறவு, ஒன்றும் இல்லையா? கணவர் வந்து எட்டிப் பார்த்தார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே துணியில் கோடு போடுவதைப் பார்த்துவிட்டு, எந்த அறிவிப்பும் செய்யாமல் திரும்பிப் போனார்.

விழா அன்று காலை பேருந்து நிலையத்தில்தான் ஊர்வலம் கூடியது. எந்தக் காலத்து ஊர்வலம் என்று கேட்டால் எல்லாக் காலமும் இருந்தது. வங்கிக்காரர்கள் வேட்டைக்காரர்களாக வந்திருந்தார்கள், ஐந்து பேரில் நாலு பேர் கண்ணாடி போட்டிருந்தார்கள். தபால் அலுவலகப் பெண்கள் பானை செய்கிறவர்கள். அட்டைக் கேடயங்களில் ஒன்றின் பின்பக்கம் பிஸ்கட் பெயர் தெரிந்தது. தீயணைப்பு வண்டிக்கு ஓலை கட்டி ஏதோ செய்திருந்தார்கள், அது வீடா படகா என்று கட்டியவர்களுக்குள்ளேயே சண்டை. வாத்தியார் ஒவ்வொருவராகப் போய், "இதெல்லாம் அப்ப இருந்துதான்னு எனக்குத் தெரியல" என்று சொல்லிக்கொண்டு வந்தார். நேரக் காப்பாளர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"அனைவரின் கவனத்திற்கு. மூவாயிரம் ஆண்டுகள் பழமை வாய்ந்த ஊர்வலம் இன்னும் சற்று நேரத்தில் மூன்றாவது நடைமேடையிலிருந்து புறப்படும்."

மூன்று பேர் பேருந்து என்று நினைத்து மூட்டையோடு ஓடிவந்தார்கள்.

நேரக் காப்பாளர் அறைக்குள் அங்கியை மாட்டிக்கொண்டு மருந்துக்கடைக்காரர் வெளியே வந்தார். தலையில் அட்டைக் கிரீடம். முதலில் ஒரு கைதட்டல் எழுந்தது. அப்புறம் அது தேய்ந்தது. அங்கியின் கழுத்து இடது பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. இடது தோளில் துணி விறைத்து மடிந்தது. கீழே வலது பக்கம் விளிம்பு கணுக்காலைத் தொட, இடது பக்கம் இரண்டு விரல் மேலே ஏறி, ராஜாவின் பச்சைக் காலுறை தெரிந்தது.

"ராஜா என்ன ஒரு பக்கமா போறாரு?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்.

"அளவக்கா தைச்சதாம்பா இது!"

"இருக்காது. அவங்க கை இப்படி வெட்டாது."

"வயசாகுதில்ல."

மருந்துக்கடைக்காரர் இடது பக்கத்தைக் கீழே இழுத்தார். விட்டதும் அது மேலே ஏறியது. மறுபடி இழுத்தார். முகம் அங்கியின் நிறத்துக்கு வந்துவிட்டது. "அக்கா எங்க? கூப்பிடுங்க அவங்கள!"

அளவக்கா கூட்டத்துக்குள்ளிருந்து வந்தாள். வாயில் ஊசிகள், கழுத்தில் நாடா. வழி விட்டவர்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் யாருடைய தோளையும் பார்க்கவில்லை.

"நேரா வெட்டுங்கன்னு சொன்னேன் இல்ல?" என்றார் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு. "பாருங்க, தெருவே சிரிக்குது. எனக்காக இல்லன்னாலும் உங்க பேருக்காகவாவது ஏதாவது பண்ணுங்க. இந்தப் பக்கத் தையலப் பிரிச்சுத் தூக்கி ரெண்டு ஊசி குத்துங்க. ஒரு நிமிஷ வேலைதானே?"

உண்மையில் ஒரு நிமிஷ வேலைதான். அவளுக்கு அரை நிமிஷம் போதும்.

அவள் அவரைச் சுற்றி வந்தாள். விளிம்பைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், பின்னால் போய் முதுகைப் பார்த்தாள். பிறகு வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். அங்கியில் குத்தவில்லை. எல்லாவற்றையும் தன் மணிக்கட்டுத் திண்டிலேயே குத்தினாள். உள்ளங்கையை அவருடைய இடது தோளின் மேல் வைத்தாள். தூக்குகிறவர் தோளில் மூட்டையை ஏற்றி விடுகிறவர்போல, மெதுவாக, முழு கனத்தோடு அழுத்தினாள்.

தோள் ஒரு விரல் இறங்கியது. போதவில்லை.

"மூச்ச அடக்காதீங்க" என்றாள்.

அவர் மூச்சை விட்டார். இன்னொரு விரல் இறங்கியது. சிவப்புத் துணியின் விளிம்பு காலுறையை மூடிக்கொண்டு கீழே வந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சமமாகக் கணுக்காலை ஒட்டி நின்றது. மேளம் தொடங்கியது. அளவக்கா கையை எடுக்காமல் அவரோடு கூடவே நடந்தாள்.